மண் பரிசோதனை எண்கள் பிறக்கும் விதம்

மண் பரிசோதனை என்பது நம் கிராமங்களுக்குப் புதிய சொல்லன்று. 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ஆம் நாள், ராஜஸ்தானத்தைச் சேர்ந்த சூரத்கரில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அமில காரநிலை, கரையும் உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய பன்னிரண்டு விவரங்கள் அவ்வட்டையில் குறிக்கப்படுகின்றன.

ஆயினும், அட்டையைப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, பக்கத்து வயல்காரர் இடும் உரத்தையே தாமும் இடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. "ஒரு பிடி மண்ணைக் கொண்டு என் வயல் முழுவதையும் எவ்வாறு அறிய முடியும்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வியே. அட்டையை நம்பி உரத்தைக் குறைப்பவர் ஒரு போகத்தின் மகசூலையே பணயம் வைக்கிறார். நம்பாமல் அள்ளி இடுபவரோ கடன் வாங்கிய பணத்தை மண்ணில் கொட்டுகிறார். ஆகவே, அந்த எண்கள் எவ்வாறு பிறக்கின்றன, எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

குதிரும் உலையும்

மண்ணில் அடங்கியுள்ள சத்து முழுவதையும் அளந்து காண்பது ரசாயன நிபுணர்களுக்குப் பெரிய காரியமன்று. வலுவான அமிலங்களைக் கொண்டு மண்ணைச் சிதைத்து அளந்துவிடலாம். ஆனால் அந்தக் கணக்கால் உழவருக்குப் பயன் சொற்பமே. குதிரில் உள்ள நெல் முழுவதும் இன்றைய உலைக்கு வருவதில்லை. குத்தி எடுத்த அரிசியே வரும். அதுபோல, மண்ணில் இருக்கும் சத்தில் ஒரு சிறு பகுதியே இந்தப் போகத்துப் பயிரின் வேருக்குக் கிட்டும். அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக் காட்டக்கூடிய கரைசலைக் கண்டுபிடிப்பதே சோதனை முறையை வகுப்பவர் எதிர்கொள்ளும் முதற் பிரச்சினையாகும்.

மணிச்சத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பிரே, குர்ட்ஸ் என்னும் இருவர் 1945-இல் நீர்த்த அமிலக் கரைசல் ஒன்றைக் கொண்டு மணிச்சத்தைப் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டனர். புளிப்பு நிலங்களுக்கு அது நன்கு பொருந்தியது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலோ, மண்ணிலுள்ள சுண்ணாம்பு அந்த அமிலத்தின் வலிமையை அடக்கிவிடுவதால், கிடைத்த எண் பயிரின் நிலைமையோடு ஒத்து வரவில்லை. 1954-இல் ஓல்சனும் அவருடைய துணைவர்களும் சோடியம் பைகார்பனேட்டுக் கரைசலைப் பயன்படுத்தி வேறொரு முறையை அமைத்தனர். அது சுண்ணாம்பு நிலங்களுக்கு ஏற்றதாயிற்று. எனவே, நீலகிரியின் புளிப்பு மண்ணுக்கு ஒரு முறையும், சுண்ணாம்பு கலந்த கரிசல் மண்ணுக்கு மற்றொரு முறையும் வேண்டியிருக்கின்றன. ஒரே மண்ணை இவ்விரு முறைகளாலும் சோதித்தால் இரு வேறு எண்கள் கிடைக்கும். இதில் பரிசோதனைக் கூடத்தின் பிழை ஏதுமில்லை.

வயலே நீதிபதி

தழைச்சத்துக்கு நம் நாட்டில் பெருவழக்காக உள்ள முறை, சுப்பையா, அசிஜா ஆகிய இருவர் 1956-இல் 'கரண்ட் சயன்ஸ்' என்னும் இதழில் வெளியிட்டதாகும். மண்ணோடு பெர்மாங்கனேட்டுக் கரைசலையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சினால், எளிதில் சிதையக்கூடிய அங்ககப் பொருளிலிருந்து அம்மோனியா ஆவியாக வெளிப்படும். அதனைப் பிடித்து அளந்து தழைச்சத்தைக் கணக்கிடுகின்றனர். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஒரு பருவம் முழுவதும் மெல்லச் செய்யும் வேலைக்கு ஒப்பான ஒன்றை, கூடத்தில் சிறிது நேரத்தில் செய்து பார்க்கும் உபாயம் இது.

இவ்வாறு கிடைக்கும் எண் தனியாக நின்றால் அதற்குப் பொருளில்லை. தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்கிறார்கள். சாம்பல் சத்து அதே 280 கிலோவைத் தாண்டினால் 'மிகுதி' என்கிறார்கள். ஒரே எண் ஓரிடத்தில் வறுமைக்கும் மற்றோரிடத்தில் செழுமைக்கும் எல்லையாக இருப்பதேன்? இந்த எல்லைகளை வகுத்துக் கொடுத்தவை பயிர்களே. பல வகை மண்களில் உரமிட்டும் இடாமலும் பயிர் செய்து, எந்த எண்ணுக்குக் கீழே உரத்தால் மகசூல் உயர்ந்தது, எந்த எண்ணுக்கு மேலே உயரவில்லை என்று கண்டு எல்லை குறித்தனர். வயல் ஒப்புக்கொள்ளாத சோதனை முறை, கூடத்தில் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், உழவருக்கு உதவாது.

இத்துறையில் நம் நாட்டு விஞ்ஞானி ராமமூர்த்தியும் அவருடைய குழுவினரும் 1967-இல் வகுத்த வழி குறிப்பிடத்தக்கது. வெவ்வேறு ஊர்களில் சோதனை செய்தால் மழை, வெயில், பராமரிப்பு ஆகியவை வேறுபட்டுக் கணக்கைக் குழப்பும். ஆகவே, ஒரே வயலைப் பட்டைகளாகப் பிரித்து, ஒன்றில் உரமிடாமலும் மற்றவற்றில் வெவ்வேறு அளவு உரமிட்டும் முதலில் ஒரு பயிரை வளர்த்தனர். அதனால் ஒரே இடத்தில் வளம் குன்றிய மண்ணும் வளம் மிக்க மண்ணும் உண்டாயின. அதன் பின்னர் அங்கேயே அடுத்த பயிரை வைத்து, மண்ணின் எண்ணுக்கும் உரத்துக்கும் மகசூலுக்கும் உள்ள தொடர்பைக் கணித்தனர். இன்ன மகசூல் வேண்டுமானால் இவ்வளவு உரம் போதும் என்னும் பரிந்துரைகள் இவ்வழியில் பிறந்தன.

கூடத்தின் கட்டுப்பாடு

முறை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அது நாள்தோறும் ஒரே விதமாக நடைபெற வேண்டும். ஓல்சன் முறையில் இரண்டரை கிராம் மண்ணுக்கு ஐம்பது மில்லிலிட்டர் கரைசல் சேர்த்து அரை மணி நேரம் குலுக்க வேண்டும். நேரம் கூடினாலும் அறையின் வெப்பம் ஏறினாலும் எண் மாறிவிடும். ஆகவேதான் எடை, அளவு, நேரம், வெப்பம் யாவும் எழுதி வைக்கப்படுகின்றன. மண்ணே இல்லாமல் கரைசலை மட்டும் சோதித்து, அதிலேயே மாசு உண்டா என்று பார்ப்பார்கள். ஒரே மண்ணை இருமுறை சோதித்து ஒப்பிடுவார்கள். சத்தின் அளவு முன்பே தெரிந்த மண்ணை இடையிடையே வைத்து, கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்ப்பார்கள்.

சிறந்த முறைகளுக்கும் குறைகள் உண்டு. அங்ககக் கரிமத்தை அளக்க வாக்லி, பிளாக் இருவரும் 1934-இல் தந்த முறை, மண்ணிலுள்ள கரிமத்தில் சராசரி நூற்றுக்கு 77 பங்கையே பிடிக்கிறது. அவர்கள் அதனை மறைக்கவில்லை. குறையை அளந்து, கிடைக்கும் விடையை 1.3-ஆல் பெருக்குமாறு விதித்தனர். தன் குறையைத் தானே அளந்து சொல்லும் முறையே நம்பிக்கைக்குரியது.

முதற்படி நம் கையில்

ஓர் ஏக்கர் நிலத்தின் மேல்மண், 15 சென்டிமீட்டர் ஆழம் வரை, ஏறத்தாழ 9 லட்சம் கிலோ எடையுள்ளது. மணிச்சத்துச் சோதனைக்குச் செல்வதோ இரண்டரை கிராம்! அந்த இரண்டரை கிராம் வயலின் உண்மையான பிரதிநிதியாக இல்லாவிட்டால், பின்னர் செய்யப்படும் நுட்பங்கள் அனைத்தும் வீணாகும். பரிசோதனை முறையின் முதற்படி கூடத்தில் இல்லை. நம் வயலில், நம் மண்வெட்டியில் இருக்கிறது.

ஆகவே, வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம், வாய்க்காலோரம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மேடும் பள்ளமும், செம்மண்ணும் கரிசலும் இருந்தால் தனித்தனியே மாதிரி எடுக்க வேண்டும். ஒரே தன்மையுள்ள பகுதியில் 10 முதல் 15 இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, அதன் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டை நீக்க வேண்டும். அரைக் கிலோ எஞ்சும் வரை இவ்வாறே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இட வேண்டும். உரச் சாக்கில் ஒருபோதும் கட்டலாகாது. துத்தநாகம், இரும்பு முதலியவற்றைச் சோதிக்க வேண்டுமானால், துருப்பிடித்த கருவியும் துத்தநாகம் பூசிய வாளியும் கூடா; வாளியிலிருந்து உதிரும் துத்தநாகம் மண்ணின் கணக்கில் ஏறிவிடும்.

பஞ்சாயத்துகளின் பங்கு

இப்பணியில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கவை பல. அறுவடை முடிந்து அடுத்த பயிருக்கு எருவிடுமுன், ஊரார் அனைவரும் ஒரே வாரத்தில் மாதிரி எடுக்க ஏற்பாடு செய்யலாம். முதல் நாளன்று ஒரு வயலில் எல்லோரையும் கூட்டி, மாதிரி எடுப்பதைச் செய்து காட்டச் சொல்லலாம். சர்வே எண், முந்தைய பயிர், இட்ட உரம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதிப் பையில் வைக்கும் பொறுப்பைப் படித்த இளைஞர்களிடம் ஒப்படைக்கலாம். வரும் முடிவுகளைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் குறித்து வைத்தால், சில ஆண்டுகளில் ஊர் மண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காணலாம். அவ்வாறு ஒப்பிடும்போது, இரு முடிவுகளும் ஒரே முறையால் பெறப்பட்டவையா என்று கூடத்தாரிடம் கேட்டறிதல் வேண்டும்.

முன்னோர் மண்ணைக் கையில் அள்ளி, நிறம் பார்த்து, மணம் பார்த்து அதன் குணம் சொன்னார்கள். அந்த அனுபவத்தோடு இந்த எண்களையும் சேர்த்துக்கொள்வோமாக. அட்டை பெட்டிக்குள் இருந்தால் காகிதம். உரம் வாங்கப் புறப்படும்போது நம் கையில் இருந்தால் அது மூலதனம்.