அரசின் செயலும் அரசின் பொறுப்பும்: செயின்ட் ஆன்டனி படகு வழக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஓர் அரசு பன்னாட்டுச் சட்டத்தின்கீழ் எப்போது பொறுப்பாளி ஆகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 2012ஆம் ஆண்டு கேரளக் கடற்பகுதியில் இத்தாலியக் கப்பலிலிருந்து நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இந்திய மீனவர் இருவர் இறந்த வழக்கு முதன்மைச் சான்றாகவும், 1987இல் மட்டக்களப்பில் இறால் பண்ணை அழிக்கப்பட்டது தொடர்பான வழக்கு துணைச் சான்றாகவும் கொள்ளப்பெறுகின்றன. கடற்படை வீரர்களை இந்திய நீதிமன்ற விசாரணையிலிருந்து விலக்கிய அதே காரணமே அவர்களை அனுப்பிய அரசைப் பொறுப்பில் நிறுத்தியது என்பதும், அப்பொறுப்பின் பயன் பாதிக்கப்பட்டவரைச் சென்றடைவதற்கு அவருக்கென ஒரு வழக்காடு மன்றம் திறந்திருக்க வேண்டும் என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: அரசுப் பொறுப்பு, பன்னாட்டுச் சட்டம், விலக்குரிமை, இழப்பீடு, மீனவர்.

முன்னுரை

திருச்சிராப்பள்ளி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து திருவரங்கம் செல்லும் அரசுப் பேருந்து ஒன்று, சாலையைக் கடப்பவர் ஒருவர்மீது மோதிவிட்டதாகக் கொள்வோம். ஓட்டுநர்மீது காவல்துறை வழக்குப் பதிகிறது. இறந்தவரின் குடும்பத்தார் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடுகின்றனர். பேருந்தை ஓட்டியவர் ஒருவராயினும் இழப்பீடு செலுத்த வேண்டியது போக்குவரத்துக் கழகமே. கழகம் காலந்தாழ்த்தினால் நீதிமன்ற ஊழியர் வந்து பேருந்தையே ஜப்தி செய்வதும் தமிழகத்தில் அறியப்பட்ட நிகழ்வுதான்.

இந்த எளிய நிகழ்வில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, ஒருவரின் செயல் ஒரு நிறுவனத்தின் செயலாகக் கொள்ளப்படுகிறது. இரண்டாவது, தனியாள்மீதான குற்ற வழக்கும் நிறுவனத்தின் இழப்பீட்டுக் கடமையும் ஒன்றையொன்று தடுக்காமல் அருகருகே நடைபெறுகின்றன. மூன்றாவது, தீர்ப்பை நிறைவேற்றும் ஆற்றல் நீதிமன்றத்திடம் உள்ளது. ஓர் அரசு மற்றோர் அரசுக்கோ அதன் குடிமக்களுக்கோ தீங்கிழைக்கும்போது முதற்செய்தி ஏறத்தாழ அப்படியே பொருந்துகிறது. மற்ற இரண்டும் பெரிதும் மாறுபடுகின்றன. அம்மாறுபாட்டைப் புரிந்துகொள்வதே அரசுப் பொறுப்பு என்னும் கோட்பாட்டைப் புரிந்துகொள்வதாகும்.

பொறுப்பின் இரு கூறுகள்

ஐக்கிய நாடுகள் அவையின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் அரசுப் பொறுப்பு பற்றிய 59 விதிகளை 2001ஆம் ஆண்டு நிறைவு செய்தது. அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபை தன் தீர்மானத்தின்வழி அவற்றைக் குறித்துக்கொண்டு அரசுகளின் கவனத்திற்கு முன்வைத்தது. இவ்விதிகள் இன்றுவரை உடன்படிக்கை வடிவம் பெறவில்லை. எனினும் பன்னாட்டு நீதிமன்றமும் நடுவர் தீர்ப்பாயங்களும் இவற்றுட் பலவற்றை வழக்காற்றுச் சட்டத்தின் வெளிப்பாடாகக் கொண்டு எடுத்தாளுகின்றன.

இரண்டாம் விதி பொறுப்பின் கூறுகளை வரையறுக்கிறது. ஒரு செயல் அல்லது செயலின்மை பன்னாட்டுச் சட்டப்படி அரசுக்கு உரியதாக இருத்தல் வேண்டும். அது அவ்வரசின் பன்னாட்டுக் கடமை ஒன்றை மீறுவதாகவும் இருத்தல் வேண்டும். இரண்டும் கூடினால் பொறுப்பு பிறக்கும். ஒரு செயல் தவறானதா என்பதைப் பன்னாட்டுச் சட்டமே முடிவு செய்யும் என்பது மூன்றாம் விதி. தன் நாட்டுச் சட்டம் அச்செயலை அனுமதிக்கிறது என்று கூறி ஓர் அரசு தப்ப இயலாது.

செயலின்மையும் இங்கு எண்ணத்தக்கது. கோர்பூ கால்வாய் வழக்கில் 1949ஆம் ஆண்டு பன்னாட்டு நீதிமன்றம் அல்பேனியாவைப் பொறுப்பாக்கியது. கண்ணிவெடிகளை அந்நாடே பதித்தது என்று மெய்ப்பிக்கப்படவில்லை. தன் கடற்பரப்பில் அவை இருப்பதை அறிந்திருந்தும் எச்சரிக்காமல் விட்டதே அதன் தவறு.

யாருடைய செயல் அரசின் செயல்?

அரசு என்பது கையும் காலும் உடையதன்று. மனிதர் வழியாகவே அது செயற்படுகிறது. எம்மனிதரின் செயல் அரசுடையது என்பதற்கு விதிகள் படிநிலைகளைத் தருகின்றன. சட்டமன்றம், நீதிமன்றம், படை, காவல்துறை ஆகிய எந்த உறுப்பின் செயலும் அரசின் செயலே. கூட்டாட்சியின் மாநிலங்களும் இதில் அடங்கும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் செருமானியர் ஒருவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை தொடர்பான லாகிராண்ட் வழக்கில், மாநில ஆளுநரும் அமெரிக்காவின் பன்னாட்டுக் கடமைக்கு ஏற்பச் செயற்பட வேண்டியவர் எனப் பன்னாட்டு நீதிமன்றம் 1999ஆம் ஆண்டு ஆணையில் குறிப்பிட்டது. இதே நெறிப்படி, தமிழ்நாட்டுக் காவலர் ஒருவர் வெளிநாட்டவரிடம் பன்னாட்டுக் கடமைக்கு மாறாக நடந்தால், உலகின் முன் பொறுப்பேற்பது இந்தியாவே.

தன் அதிகார வரம்பை மீறியும் மேலிட ஆணைக்கு மாறாகவும் ஓர் அலுவலர் பதவிநிலையில் நின்று செய்வதும் அரசின் செயலாகவே கொள்ளப்படும் என்பது ஏழாம் விதி. தனியாரின் செயல் பொதுவாக அரசைச் சாராது. அரசின் அறிவுறுத்தல், நெறிப்படுத்தல், கட்டுப்பாடு ஆகியவற்றின்கீழ் அவர் செயற்பட்டிருந்தால் சாரும்.

கப்பல்களில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்ட சீமேன் கார்டு ஓகியோ கப்பலில் ஆயுதங்களுடன் இருந்தோர் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்கள். அவர்கள்மீதான வழக்கு தனியாட்கள்மீதான குற்ற வழக்காகவே இந்திய நீதிமன்றங்களில் நடந்து, 2017ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் விடுதலையாக முடிந்தது. ஆனால் அடுத்து நோக்கவிருக்கும் என்ரிகா லெக்சி கப்பலில் இருந்தோர் இத்தாலியக் கடற்படையினர். வணிகக் கப்பலில் நின்றாலும் அவர்கள் அரசின் உறுப்பினரே.

படகும் கப்பலும்

2012 பிப்ரவரி 15ஆம் நாள் இலங்கையின் காலியிலிருந்து ஜிபூட்டி நோக்கிச் சென்ற என்ரிகா லெக்சி என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பல், கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20.5 கடல் மைல் தொலைவில் செயின்ட் ஆன்டனி என்னும் மீன்பிடிப் படகை எதிர்ப்பட்டது. கப்பலிலிருந்து நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் இருவர் இறந்தனர். ஒருவர் கேரளத்தின் கொல்லத்தையும் மற்றவர் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தையும் சார்ந்தவர். நெருங்கி வந்ததைக் கடற்கொள்ளையர் படகு எனக் கருதியதாக இத்தாலியத் தரப்பு கூறியது.

கேரளக் காவல்துறை கடற்படை வீரர் இருவரைக் கைது செய்தது. நிகழ்விடம் 12 கடல் மைல் எல்லைக்கு அப்பாற்பட்டதாதலின் கேரள மாநிலத்திற்கு அதிகாரமில்லை எனவும், ஒன்றிய அரசு தனி நீதிமன்றம் அமைத்து விசாரிக்கலாம் எனவும் இந்திய உச்சநீதிமன்றம் 2013 சனவரி 18இல் தீர்ப்பளித்தது. இத்தாலி 2015 சூன் 26இல் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பின்கீழ் நடுவர் வழக்கைத் தொடுத்தது. அவ்வாண்டு ஆகத்து 24இல் பன்னாட்டுக் கடற்சட்டத் தீர்ப்பாயம், இரு நாடுகளும் தத்தம் நீதிமன்ற நடவடிக்கைகளை நிறுத்திவைக்க ஆணையிட்டது.

எக்கடமை மீறப்பட்டது?

நடுவர் தீர்ப்பாயம் 2020 மே 21இல் தீர்ப்பளித்தது. செயின்ட் ஆன்டனியின் பயணத்தில் குறுக்கிட்டதன் மூலம் இத்தாலி கடற்சட்ட உடன்படிக்கையின் 87, 90ஆம் பிரிவுகள் காக்கும் கடற்பயண உரிமையை மீறியது என்பது அதன் முடிவு. பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தில் இந்தியாவிற்குள்ள இறையாண்மை உரிமைகளை இத்தாலி மீறியது என்னும் வாதம் ஏற்கப்படவில்லை.

உயிரிழப்பு நேர்ந்த வழக்கில் பயண உரிமை பற்றிப் பேசுவது வாசிப்போர்க்கு வியப்பளிக்கலாம். காரணம், தீர்ப்பாயத்தின் அதிகாரம் கடற்சட்ட உடன்படிக்கையிலிருந்து பிறந்தது. எனவே மீறப்பட்ட கடமையும் அவ்வுடன்படிக்கைக்குள்ளேயே காட்டப்படல் வேண்டும். ஆயினும் மீறலின் விளைவுகளை அளவிடும்போது உயிரிழப்பு, உடல்தீங்கு, படகு உள்ளிட்ட பொருட்சேதம், தலைவரும் பிற பணியாளரும் அடைந்த மனத்துன்பம் ஆகிய அனைத்தும் இழப்பீட்டிற்குரியன எனத் தீர்ப்பாயம் கூறியது. கதவு சிறிதாயினும் உள்ளே வந்த இழப்பு முழுமையானது.

ஒப்புதல், தற்காப்பு, எதிர் நடவடிக்கை, தடுக்கவியலா நிகழ்வு, இடுக்கண், இன்றியமையாமை ஆகிய ஆறு சூழல்கள் ஒரு செயலின் தவறான தன்மையை நீக்கும் என ஆணையத்தின் விதிகள் கூறுகின்றன. ‘வேறொன்றாகக் கருதினோம்’ என்பது இப்பட்டியலில் தனியொரு சூழலாக இடம்பெறவில்லை என்பது நோக்கத்தக்கது.

விலக்குரிமையும் பொறுப்பும்

அதே தீர்ப்பில் மற்றொரு முடிவும் உண்டு. கடற்படை வீரர்கள் அரசு அலுவலராகப் பணியாற்றியபோது செய்த செயல் என்பதால் இந்தியக் குற்றவியல் நீதிமன்றங்களிலிருந்து அவர்களுக்கு விலக்குரிமை உண்டு என மூவர் ஏற்க, இருவர் மறுத்தனர். பெரும்பான்மைப்படி இந்தியா அவர்கள்மீதான குற்ற நடவடிக்கைகளைக் கைவிட வேண்டியதாயிற்று. தன் நாட்டில் விசாரணையை மீண்டும் தொடங்குவதாக இத்தாலி அளித்த உறுதியைத் தீர்ப்பாயம் குறித்துக்கொண்டது.

இம்முடிவு தமிழகத்திலும் கேரளத்திலும் தோல்வியாக உணரப்பட்டது இயல்பே. ஆனால் இரு முடிவுகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ‘இது வீரர்களின் சொந்தச் செயலன்று, அரசின் செயல்’ என்று இத்தாலி வாதிட்டது. அவ்வாதம் வீரர்களைக் காத்தது. அதே மூச்சில் அச்செயலை இத்தாலியின் கணக்கில் எழுதியது. பேருந்து விபத்தில் ஓட்டுநரின் வழக்கும் கழகத்தின் கடமையும் அருகருகே செல்கின்றன. இங்கோ தனியாளை விடுவிப்பதன் விலையாக அரசின் பொறுப்பு வந்து நிற்கிறது. விலக்குரிமை மட்டும் ஏற்கப்பட்டுப் பொறுப்பு மறுக்கப்பட்டிருந்தால், இரு உயிர்களின் இழப்பிற்கு விடைசொல்வார் எவருமில்லை என்னும் நிலை தோன்றியிருக்கும்.

எனினும் இச்சமன்பாடு முழுமையானதன்று. 2022 சனவரியில் உரோம் நகர நீதிமன்றம் போதிய சான்றில்லை எனக் கூறி வீரர்கள்மீதான விசாரணையை முடித்துவைத்தது. ஆக, குற்றவியல் விடை எங்கும் கிடைக்கவில்லை. எஞ்சியது அரசின் பொறுப்பு மட்டுமே.

ஈடுசெய்தல்

தவறிழைத்த அரசு அச்செயலை நிறுத்த வேண்டும். விளைந்த தீங்கை முழுமையாக ஈடுசெய்யவும் வேண்டும். முன்னிருந்த நிலையை மீட்டல், இழப்பீடு, வருத்தம் தெரிவித்தல் போன்றவற்றால் மனநிறைவளித்தல் என ஈடுசெய்தல் மூவகைப்படும். தவறின் விளைவுகளை இயன்றவரை துடைத்தெறிவதே ஈட்டின் நோக்கம் என்பது 1928ஆம் ஆண்டு சோர்சோவ் தொழிற்சாலை வழக்கில் நிலைபெற்ற நெறி. இறந்தவரை மீட்க இயலாது. ஆகவே உயிரிழப்பில் இழப்பீடே முதன்மை பெறுகிறது.

இத்தாலி 10 கோடி ரூபாய் செலுத்தியது. 2021 சூன் 15இல் உச்சநீதிமன்றம் இந்தியாவிலிருந்த வழக்குகளை முடித்து, இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடியும் படகு உரிமையாளருக்கு 2 கோடியும் எனப் பகிர்வை ஏற்றது. உயிர்தப்பிய மீனவர்கள் தமக்கும் பங்குண்டு என முறையிட்டனர். 2022 நவம்பரில் உரிமையாளருக்கான தொகையிலிருந்து ஒன்பது பேருக்குத் தலா 5 லட்சம் வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது.

இப்பின்னிகழ்வு ஓர் அடிப்படை உண்மையை வெளிப்படுத்துகிறது. மரபுவழிப் பன்னாட்டுச் சட்டத்தில் குடிமகனுக்கு இழைத்த தீங்கு அவனுடைய அரசுக்கு இழைத்த தீங்காகவே கருதப்படும். இழப்பீடு பெறும் உரிமை அரசுடையது. பெற்றதைப் பாதிக்கப்பட்டவரிடம் சேர்ப்பதைப் பன்னாட்டுச் சட்ட ஆணையம் 2006ஆம் ஆண்டு விதிகளில் ஒரு பரிந்துரையாகவே கூறியுள்ளது.

மன்றம் யாருக்குத் திறக்கிறது?

பொறுப்பு பிறப்பது ஒன்று; அதைக் கேட்டுப் பெறும் மன்றம் இருப்பது மற்றொன்று. 1987 சனவரி 28இல் இலங்கைப் படையினர் மட்டக்களப்புப் பகுதியில் மேற்கொண்ட நடவடிக்கையின்போது ஓர் இறால் பண்ணை அழிந்தது. பண்ணைப் பணியாளர் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பண்ணையில் முதலிட்டிருந்த ஆசியன் அக்ரிகல்ச்சுரல் புராடக்ட்சு என்னும் ஆங்காங் நிறுவனம், பிரித்தானிய–இலங்கை முதலீட்டு ஒப்பந்தத்தின்படி நடுவர் தீர்ப்பாயத்தை நாடியது. பண்ணையைப் படையினரே அழித்தனர் என்று மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் அழிவைத் தடுக்க உரிய அக்கறை காட்டத் தவறியதற்காக 1990 சூன் 27இல் இலங்கை பொறுப்பாக்கப்பட்டு, 4,60,000 அமெரிக்க டாலரும் வட்டியும் செலுத்தப் பணிக்கப்பட்டது.

நிறுவனத்தின் முதலுக்கு மன்றம் இருந்தது. அதே நிகழ்வில் உயிரிழந்த பணியாளரின் குடும்பங்களுக்கு அம்மன்றம் திறக்கவில்லை. ஒப்பந்தம் முதலீட்டாளரைக் காத்தது. பணியாளர் சார்பாக வழக்குரைக்க வேறோர் அரசும் இல்லை.

பாக் நீரிணையில் தமிழக மீனவர் எதிர்கொள்ளும் தாக்குதல்களையும் இவ்வொளியில் காணலாம். ஒரு கடற்படை அரசின் உறுப்பு என்பதில் ஐயமில்லை. எல்லையைக் கடந்த படகாயினும், அதன்மீது பயன்படுத்தப்படும் வலிமை தேவைக்கும் நியாயத்திற்கும் உட்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டு சைகா கப்பல் வழக்கின் நெறி. ஆனால் காமன்வெல்த் நாடுகளுடனான பிணக்குகளைப் பன்னாட்டு நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்திலிருந்து இந்தியா தன் அறிவிக்கையின் வாயிலாகவே விலக்கி வைத்துள்ளது. எனவே பெரும்பாலும் தூதரகப் பேச்சே வழியாகிறது.

முடிவுரை

அரசுக்கு உரிய செயல், கடமை மீறல் ஆகிய இரண்டும் கூடுமிடத்து அரசுப் பொறுப்பு தானே பிறக்கிறது. அதற்கு எந்த நீதிமன்றத்தின் அறிவிப்பும் முன்தேவையன்று. அது பணமாகவும் வருத்தமாகவும் மாறுவதற்கே மன்றமும் அதை நாடும் அரசும் தேவை. செயின்ட் ஆன்டனி வழக்கில் அவ்விரண்டும் இருந்தன. மட்டக்களப்புப் பணியாளர்க்கு இரண்டும் இல்லை. ஆகவே கடலோர மக்களின் நலன் கருதுவோர், தீங்கு நேர்ந்தபின் எழுப்பும் குரலோடு அமையாமல், அண்டை நாடுகளுடன் செய்யும் ஒப்பந்தங்களில் பிணக்குத் தீர்வுக்கான பிரிவும், இழப்பீடு நேரே பாதிக்கப்பட்டவரைச் சேர்வதற்கான பிரிவும் இடம்பெறுகின்றனவா என்பதை முன்கூட்டியே நோக்குதல் வேண்டும்.