சிவநேரியிலிருந்து வரும் சுடர்

புனே நகரின் கிழக்குப் பகுதியாகிய கராடியில் வாழும் தமிழன்பர்கள், ஆண்டுதோறும் பிப்ரவரி 19ஆம் நாள் முரசொலி கேட்டே கண் விழிக்கின்றனர். அன்று சத்திரபதி சிவாஜியின் பிறந்தநாள். காவிக்கொடி தாங்கிய இளைஞர்கள் டோல், தாஷா முழக்கி வருவர். சிறுமியர் ஜீஜாபாயின் கோலம் பூணுவர். நம்மவருட் பலர் சாளரங்களை அடைத்துக்கொள்வர். யானும் வந்த புதிதில் அவ்வாறே செய்தவன்.

அவ்விளைஞர்களின் கையில் உள்ள தீப்பந்தம் வெறும் அலங்காரமன்று. ஜுன்னருக்கு அருகிலுள்ள சிவநேரிக் கோட்டையில் 1630இல் சிவாஜி பிறந்தார். அங்கே ஏற்றிய சுடரை, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவு, ஒருவர் கை மாற்றி ஒருவராக ஓடியே தம் ஊருக்குக் கொணர்வதும் உண்டு. மாலையில் பவாடா என்னும் வீரக்கதைப் பாடல் ஒலிக்கும். பிறந்த நாள் எது என்பதில் நெடுநாள் வழக்கிருந்தது; மாநில அரசு 2001இல் பிப்ரவரி 19ஐ ஏற்றது. எனினும் திதியைப் போற்றுவோர் இன்றும் மற்றொரு முறை கொண்டாடுகின்றனர். பஞ்சாங்கப் பூசல் நமக்குப் புதிதா என்ன!

இவ்விழாவைப் பொதுவிழாவாக வளர்த்தவர் பாலகங்காதர திலகர். 1896இல் ராய்கட் கோட்டையில் அது நடைபெற்றது. மறு ஆண்டு புனே விழாவையொட்டிக் கேசரி இதழில் வெளிவந்த எழுத்துகளுக்காக அவர் ராஜதுரோகக் குற்றம் சாட்டப்பெற்று, 18 மாதச் சிறைத்தண்டனை அடைந்தார். ஊர் வரலாற்றை நினைவுகூர்வதையே அந்நிய அரசு அஞ்சிய காலம் அது.

இனி நமக்குரிய செய்திக்கு வருவோம். கராடிக்கு வடகிழக்கே சிறிது தொலைவில், பீமையும் இந்திராயணியும் கூடுமிடத்தில் துலாப்பூர் உள்ளது. 1689இல் சிவாஜியின் மைந்தர் சம்பாஜியை முகலாயர் கொன்றது அங்கேதான் என்பது இவ்வூர் மரபு. அதன்பின் இளையவர் ராஜாராம் அடைக்கலம் தேடி ஓடிய இடம் எது? நம் செஞ்சி! 1677இல் சிவாஜி கைப்பற்றி வலுப்படுத்தியிருந்த அக்கோட்டை, தம்பியுடையான் படைக்கஞ்சான் என்பதற்கு மாறாக, தமையனை இழந்த தம்பியைக் காத்தது. முகலாயர் முற்றுகையிட்டு, 1698இல்தான் அதனைப் பிடிக்க முடிந்தது. அதுவரை மராட்டிய அரசின் தலைமை தமிழ்நாட்டில் இருந்தது.

2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளுள் சிவநேரி ஒன்று; செஞ்சி மற்றொன்று. ஏனைய பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் இருக்க, வெளியே நிற்பது செஞ்சி மட்டுமே. இதனை அண்டை வீட்டு மராட்டியரிடம் சொல்லிப் பாருங்கள். அன்றே தேநீருக்கு அழைப்பு வரும்.

இவண் பயிலும் நம் குழந்தைகள் மராத்தியும் கற்கின்றனர். விடுமுறையில் தஞ்சை செல்லும்போது, பெரிய கோயிலில் இரண்டாம் சரபோஜி 1803இல் பொறிப்பித்த போன்சலே வம்ச வரலாற்றின்முன் அவர்களை நிறுத்துங்கள். அந்நெடிய கல்வெட்டு மராத்தியில் உள்ளது. தாத்தாவுக்கு அதில் ஓரிரு சொற்களையேனும் பேரன் படித்துக் காட்டட்டும்.