சான்றிதழ் இரு பக்கமும் வேண்டும்

வங்கியின் தளத்தைத் திறந்ததும் 'பாதுகாப்பான இணைப்பு' என்கிறது உலாவி. அது பாதி உண்மை. சர்வர் தன் சான்றிதழைக் காட்டித் தான் யாரென்று நிரூபித்துவிட்டது. எதிர்முனையில் இருப்பவர் யாரென்று அதற்குத் தெரியாது. அதற்காகக் கேட்கப்படுவதுதான் கடவுச்சொல். ஆளை நிரூபிக்க ரகசியத்தையே ஒப்படைக்க வேண்டியிருப்பது அதன் அடிப்படைக் கோளாறு. போலித் தளத்தில் தட்டினாலும் போனது போனதுதான். பயனரும் சான்றிதழ் வைத்திருந்தால் இந்தச் சிக்கல் எழாது. சான்றிதழுக்குரிய ரகசியமான தனிச்சாவி அவரது கருவியிலேயே இருக்கும். பொதுச்சாவி, பெயர், காலாவதித் தேதி அடங்கிய சான்றிதழ் மட்டும் சர்வருக்குப் போகும். இணைப்பைத் தொடங்க இரு தரப்பும் பரிமாறிக்கொண்ட செய்திகள் அனைத்தையும் சேர்த்துத் தனிச்சாவியால் கையொப்பமிடப்படும். அந்தக் கையொப்பம் அந்த ஓர் இணைப்புக்கு மட்டுமே செல்லும். இடைமறித்தவன் அதை வேறிடத்தில் காட்டிப் பயனில்லை.

1990களிலிருந்தே இருக்கும் இந்த ஏற்பாடு பிறகு ஏன் பரவவில்லை? சாவிகளைக் கட்டிக்காப்பது சாதாரண மக்களால் ஆகாது என்பார்கள். எஸ்தோனியா அதைப் பொய்யாக்கியது. 2002 முதல் அங்கே வழங்கப்படும் அடையாள அட்டையின் சிப்பில் தனிச்சாவி இருக்கிறது. அட்டையை ரீடரில் செருகி பின் எண்ணை அழுத்தினால் அரசுத் தளங்களுக்குள் நுழையலாம். சிப்பே பழுதென்றால்? அதுவும் நடந்தது. சிப் சாவிகளை உருவாக்கும் முறையில் பிழை இருப்பது 2017இல் தெரியவந்தது; பொதுச்சாவியை வைத்தே தனிச்சாவியைக் கணக்கிட்டுவிடும் அபாயம். சுமார் 7.5 லட்சம் அட்டைகள் சிக்கின. நவம்பரில் அரசு அந்தச் சான்றிதழ்களை முடக்கி, கணினி வழியாகவே புதுப்பிக்கவும் வழி செய்தது. வழங்கவும் ரத்து செய்யவும் பொறுப்பேற்கும் அமைப்பு இருந்தால்தான் இந்த முறை நிற்கும் என்பதே இதில் எனக்குத் தெரியும் பாடம். அப்படி யாருமில்லாத ஆன்லைன் துணிக்கடைக்கு இது பொருந்தாது. ஒரே நிறுவனத்தின் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடத்தில் கச்சிதமாகப் பொருந்தும். பின் எண்ணை மறக்க அங்கே ஆளே இல்லை. இன்னொரு குறையும் சொல்வார்கள்: சான்றிதழ் மறைகுறியாக்கமின்றிப் போவதால் பயனரின் பெயர் வழியில் தெரிந்துவிடும் என்று. பாதுகாப்பான இணைப்புக்கான நெறிமுறையான டிஎல்எஸ்ஸின் 1.2 பதிப்பு வரை அது நியாயமானது. 2018இல் வந்த 1.3 அதைத் தீர்த்துவிட்டது.

தமிழக அரசின் மின்டெண்டர் தளத்தில் ஒப்பந்ததாரர்கள் செருகும் யூஎஸ்பி டோக்கனும் இதே குடும்பம்தான். அதைப் பின் எண்ணோடு உதவியாளரிடமோ ஆடிட்டரிடமோ கொடுத்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.