மாங்காயும் தூளும் மெக்சிக்கோவும்

பச்சை மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்னாத பிள்ளை எங்கள் ஊரில் இருந்திருக்காது. பள்ளிக்கூட வாசலில் நெல்லிக்காய், விளாங்காய், அம்பரலங்காய் விற்ற ஆச்சிமாரை நாங்கள் மறக்கவில்லை. கொழும்பில் நின்று வந்தவர்களுக்குக் காலிமுகத்திடல் அச்சாறு வண்டில் ஞாபகம் வரும். இனிப்பு, புளிப்பு, உறைப்பு, உப்பு நான்கும் ஒரே வாயில் சேரும் அந்த ருசி எங்களுக்கு மட்டுமே உரியது என்று இந்த நாட்டுக்கு வரும்வரை நம்பியிருந்தோம்.

ரொறன்ரோவுக்கு வந்து தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. சாப்பாட்டு இடைவேளையில் எங்களுக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் மெக்சிக்கோ நாட்டவர்கள் மாம்பழத்தையும் வெள்ளரிக்காயையும் நீட்டு நீட்டாக வெட்டி, தேசிக்காய் பிழிந்து, சிவப்புத் தூள் தூவிச் சாப்பிடுகிறார்கள். ஒரு துண்டு எங்களுக்கும் நீட்டுவார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் ஆங்கிலம் மட்டுமட்டு. ஆனாலும் அந்தத் துண்டை வாயில் வைத்ததும் "இது எங்கட ஊர்ச் சாப்பாடெல்லோ" என்றுதான் சொல்ல வரும்.

இந்த ஒற்றுமை எப்படி வந்தது, இந்தப் பண்டங்களை எங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா, கொடுப்பதானால் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றைப் புதிதாக வந்த குடும்பங்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மிளகாய் எங்களுடையது அல்ல

முதலில் ஒரு சங்கதி. மிளகாய் எங்கள் மண்ணின் பயிரே அல்ல. மெக்சிக்கோ நாட்டு மக்கள் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதை உண்டு வருகிறார்கள். ஆங்கிலத்தில் வழங்கும் 'சில்லி' என்ற சொல்லும் அங்குள்ள நவாட்டில் மொழியிலிருந்து வந்ததே. 1492இல் கொலம்பஸ் அமெரிக்காவுக்குப் போன பின்னர்தான் மற்றைய நாடுகள் மிளகாயைக் கண்டன. 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் வந்திறங்கினார். 1505இல் போத்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். 1619இல் யாழ்ப்பாணம் அவர்கள் வசமானது. அவர்களுடைய கப்பல்கள் வழியாகவே மிளகாய் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது.

அதற்கு முன் எங்கள் முன்னோருக்கு உறைப்புக் கொடுத்தது மிளகு. புதிதாக வந்த காயும் மிளகைப் போல உறைத்ததால் 'மிளகாய்' என்று பெயர் வைத்தார்கள். இலங்கையில் பல இடங்களில் அதைக் 'கொச்சிக்காய்' என்பார்கள். கொச்சியிலிருந்து வந்த காய் என்பதே அதன் பொருள் என்று சொல்வார்கள். அன்னாசி, கொய்யா, பப்பாப்பழம், மரவள்ளி எல்லாம் இப்படியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மரவள்ளிக் கிழங்கும் செத்தல் மிளகாய்ச் சம்பலும் யாழ்ப்பாணத்துச் சாப்பாடு என்று பெருமைப்படுகிறோம். அந்தக் கிழங்கும் மிளகாயும் எங்களைப் போலவே கடல் கடந்து வந்து குடியேறியவை.

மாம்பழம் அவர்களுடையது அல்ல

அதே கணக்கு மறுபக்கத்திலும் உண்டு. இன்று மெக்சிக்கோ உலகுக்கே மாம்பழம் ஏற்றுமதி செய்கிறது. இளவேனிலில் ரொறன்ரோக் கடைகளுக்குப் பெட்டி பெட்டியாக வரும் சின்ன மஞ்சள் மாம்பழம் 'அட்டவுல்ஃபோ' என்ற மெக்சிக்கோ இனம். ஆனால் மாமரம் தெற்காசியாவில் தோன்றியது. 'மாங்கோ' என்ற ஆங்கிலச் சொல்லே எங்கள் 'மாங்காய்' என்ற சொல் போத்துக்கேயர் வாயில் 'மங்கா' ஆகிப் பின்னர் திரிந்தது.

ஸ்பானியர் 1565 முதல் 1815 வரை, இருநூற்றைம்பது ஆண்டுகள், பிலிப்பைன்சின் மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்கபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே கப்பல் ஓட்டினார்கள். அந்த வழியாக மாம்பழம் மெக்சிக்கோவுக்குப் போனது. 'மணிலா' என்ற பெயருடைய மாம்பழ இனம் இன்றும் அங்கு உண்டு. புளி ஆபிரிக்காவில் தோன்றி இந்தியாவில் நெடுங்காலமாக வளர்ந்த மரம். அரேபியர் அதை 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். அதுவே ஸ்பானிய மொழியில் 'தமரிந்தோ' ஆகியது.

அந்தக் கப்பல்களில் சரக்கோடு மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். இந்தியாவில் பிறந்த ஒரு சிறுமியைக் கடற்கொள்ளையர் பிடித்து, கொச்சிக்குக் கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுத்து, மணிலாவில் விற்று, மெக்சிக்கோவின் புவெப்லா நகருக்கு அனுப்பினார்கள். கத்தரீனா தெ சான் ஹுவான் என்ற பெயரோடு அங்கே வாழ்ந்து 1688இல் காலமான அந்தப் பெண்ணை அவ்வூர் மக்கள் புனிதவதியாக மதித்தனர். மாங்காயும் புளியும் போன பாதையில் இப்படியும் நடந்தது. ஊரிலிருந்து பிடுங்கி எறியப்பட்ட எங்களுக்கு அந்தப் பெண்ணின் கதையை வாசிக்கும்போது மனம் கனக்கிறது.

கடையில் காணும் பண்டங்கள்

கென்சிங்ரன் மார்க்கற்றில் அகஸ்ரா அவெனியூப் பக்கம் லத்தீன் அமெரிக்கக் கடைகள் உண்டு. வடக்கே ஃபிஞ்ச், வெஸ்ரன் றோட் பகுதியிலும் அவர்களுடைய கடைகளைக் காணலாம். இப்போது பெரிய சுப்பர் மார்க்கற்றுகளிலும் சில பண்டங்கள் வந்துவிட்டன. முக்கியமானவை இவை.

தஹீன்: காய்ந்த மிளகாய், தேசிக்காய், உப்பு சேர்ந்த தூள். 1985இல் மெக்சிக்கோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் தொடங்கிய கம்பனி இதைச் செய்கிறது. எங்கள் தூளைவிட உறைப்புக் குறைவு, புளிப்புக் கூட. பிள்ளைகள் கையில் கொட்டி நக்குவார்கள் என்பதால் போத்தலில் 'இது இனிப்பு அல்ல' என்றே எழுதினார்கள்.

சமோய்: அப்ரிக்கொட் அல்லது பிளம்ஸ் பழத்தை உப்பிலிட்டு, அந்தத் தண்ணீரோடு மிளகாய், சீனி, தேசிப்புளி சேர்த்துச் செய்யும் சிவப்புக் குழம்பு. சீனாவின் உப்பிட்ட காய்ந்த பிளம்ஸ் மணிலாக் கப்பல் வழியாகவோ சீனக் குடியேறிகள் மூலமாகவோ அங்கு போய் இப்படி மாறியது என்பது உணவு வரலாறு எழுதுவோர் பலரின் கருத்து. பிலிப்பைன்சில் இதுபோன்ற உப்புப் பழத்துக்குச் 'சம்போய்' என்று பெயர்.

புளி இனிப்புகள்: புளி, சீனி, உப்பு, மிளகாய் சேர்த்துப் பிசைந்த வில்லைகள். 'புல்பரிந்தோ' இவற்றில் பெயர்போனது. எங்கள் ஊரில் புளியையும் சீனியையும் தூளையும் சேர்த்துக் குத்தி ஈர்க்கில் குத்தி நக்கியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

மங்கொனாடா: மாம்பழத்தை ஐஸ் போல அடித்து, சமோயும் தூளும் ஊற்றிக் கொடுக்கும் கோடைகாலக் குடிபானம்.

எங்கள் அம்பரலங்காய்க்குச் சொந்தக்காரக் காய் ஒன்றும் மெக்சிக்கோவில் இருக்கிறது. அதையும் பச்சையாக உப்பும் மிளகாயும் போட்டே தின்கிறார்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

ருசி ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளைகளின் உடல் நலம் முக்கியம். இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை.

2004ஆம் ஆண்டு கலிபோர்ணியாவின் 'ஒரேஞ்ச் கவுண்டி ரெஜிஸ்டர்' என்ற பத்திரிகை ஒரு தொடர் கட்டுரை வெளியிட்டது. மெக்சிக்கோவிலிருந்து வந்த மிளகாய், புளி இனிப்புகள் பலவற்றில் ஈயம் கலந்திருப்பதாகவும், அதிகாரிகள் அதை அறிந்தும் மக்களுக்குச் சொல்லவில்லை என்றும் அத்தொடர் காட்டியது. அதே ஆண்டில் அம்மாநிலச் சட்டமா அதிபர் இனிப்புக் கம்பனிகள் மீது வழக்குத் தொடுத்தார். 2005இல் கலிபோர்ணியா தனிச் சட்டம் கொண்டு வந்தது. 2006இல் பெரிய கம்பனிகள் வழக்கில் இணக்கத்துக்கு வந்தன. அதே ஆண்டில் அமெரிக்க மத்திய அரசின் உணவு, மருந்து நிர்வாகம் பிள்ளைகள் தின்னும் இனிப்பில் ஈயம் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது.

ஈயம் எப்படி வந்தது? மிளகாயை நிலத்தில் பரப்பிக் காய வைத்துக் கழுவாமல் அரைத்தால் மண்ணிலுள்ள ஈயமும் சேர்ந்து அரைபடும். ஈயம் கலந்த மெருகு பூசிய மண்சட்டியில் புளியை வைத்தால் புளிப்பு அந்த மெருகைக் கரைக்கும். சுற்றிய கடதாசியின் மையிலும் ஈயம் இருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவு அதற்குக் கிடையாது. ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கே கேடு அதிகம். வாயில் ருசி தெரியாது, உடனே நோயும் தெரியாது. அதுதான் அதிலுள்ள வஞ்சகம்.

வழக்குகளுக்குப் பின் கம்பனிகள் மிளகாயைக் கழுவவும், மையை மாற்றவும், பரிசோதனை செய்யவும் உடன்பட்டன. ஆகவே லேபிளோடு நல்ல கடையில் விற்கும் பண்டத்தைக் கண்டு நடுங்கத் தேவையில்லை. லேபிள் இல்லாதவை, மண்சட்டியில் அடைத்து வருபவை, யாரோ பெட்டியில் கொண்டு வந்தவை ஆகியவற்றைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

இதை வைத்து மெக்சிக்கோ நாட்டவரை நாங்கள் பழிக்கவும் கூடாது. வங்காளதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் கூட்ட ஈயக் குரோமேற் கலந்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். எங்கள் சமையலறைத் தூள்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பிள்ளை இப்படியான எதையாவது அடிக்கடி தின்றிருந்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லி இரத்தத்தில் ஈயத்தைச் சோதிக்கலாம். வைத்தியர் இன்னும் கிடைக்காதவர்கள் ஒன்ராறியோவின் 811 இலக்கத்துக்கு அழைத்துத் தாதியிடம் ஆலோசனை கேட்கலாம்.

வேறு மூன்று விடயங்கள்:

1. உப்பும் சீனியும். சமோயில் இரண்டும் அதிகம். தெற்காசியர்களாகிய எங்களுக்குச் சலரோகம் வரும் வாய்ப்புக் கூட என்பது தெரிந்ததே. உப்பு, சீனி, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் பூதக்கண்ணாடி அடையாளம் இடவேண்டும் என்று கனடா 2022இல் விதி செய்து, 2026 ஜனவரி 1ஐக் கெடுவாக வைத்தது. மெக்சிக்கோவில் 2020 முதல் கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

2. பல். சீனியும் புளிப்பும் சேர்ந்தால் பல்லுக்குக் கூடாது. தின்றதும் தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களின் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு 'ஹெல்தி ஸ்மைல்ஸ் ஒன்ராறியோ' திட்டத்தில் பல் வைத்தியம் இலவசம். விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள்.

3. சைவம். சமோயில் தோய்த்த இழுவை இனிப்புகளில் பெரும்பாலும் ஜெலற்றின் இருக்கும். அது மிருகத் தோலிலும் எலும்பிலும் செய்வது. 'கார்மின்' என்ற சிவப்பு நிறம் ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுப்பது. விரதக்காரர் லேபிளை வாசிக்கவும்.

வீட்டிலேயே செய்யலாம்

செத்தல் மிளகாயைக் கழுவி, நன்றாக உலர்த்தி, விதை நீக்கி, இளஞ்சூட்டில் வறுத்து, உப்போடு அரையுங்கள். தேசிக்காய்த் தோலின் பச்சைப் பகுதியை மட்டும் சீவிக் காய வைத்து அதோடு சேர்த்தால் தஹீனுக்குக் கிட்டிய தூள் கிடைக்கும். சமோய்க்கு ஒரு கோப்பை காய்ந்த அப்ரிக்கொட்டை எவர்சில்வர்ச் சட்டியில் தண்ணீர் விட்டு மெதுமெதுப்பாகும்வரை அவித்து, தூள், தேசிப்புளி, கொஞ்சம் சீனி, உப்புச் சேர்த்து அடித்தால் போதும். உறைப்பையும் உப்பையும் உங்கள் பிள்ளையின் வாய்க்கு ஏற்றபடி குறைக்கலாம். குளிரூட்டியில் வைத்து ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. 1974 முதல் மெக்சிக்கோத் தொழிலாளர்கள் பருவகால ஒப்பந்தத்தில் ஒன்ராறியோப் பண்ணைகளுக்கு வருகிறார்கள். நாங்கள் கடையில் வாங்கும் தக்காளியும் வெள்ளரியும் பலவேளை அவர்கள் கை பறித்தவை. எங்களைப் போல அகதி வழக்குப் போட்டுக் காத்திருப்பவர்களும் அவர்களில் உண்டு. 2009இல் கனடா அவர்களுக்கு விசா விதித்தது, 2016இல் நீக்கியது, 2024இல் பெரும்பாலானோருக்குத் திரும்பவும் கொண்டு வந்தது. விசாரணைத் திகதிக்காகத் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன என்று அவர்களுக்கும் தெரியும்.

பள்ளியில் தூள் போட்ட மாங்காயைத் திறக்க வெட்கப்படும் எங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள்: பக்கத்து வாங்கில் இருக்கும் மெக்சிக்கோப் பிள்ளை அதைப் பார்த்துச் சிரிக்காது, ஒரு துண்டு கேட்கும். வேலைத்தலத்திலும் அப்படியே. அடுத்த கோடையில் மாங்காய் வாங்கும்போது இரண்டு கூடுதலாக வாங்கி, வெட்டி, உங்கள் வீட்டுத் தூளோடு கொண்டுபோங்கள். ஆங்கிலம் பழகவும் அது ஒரு நல்ல வழி.