குழந்தைக்காகப் பதில் சொல்பவர்கள்

கத்தோலிக்கக் கோயிலில் ஞானஸ்நானம் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி பதில் நினைவிருக்கும். தொட்டிக்கு அருகே குழந்தையோடு தாய் நிற்கிறாள். பக்கத்தில் தகப்பன், ஞானத்தகப்பன், ஞானத்தாய். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்கிறார், பெரியவர்கள் ஆம் என்கிறார்கள். கடவுளை நம்புகிறீர்களா என்ற கேள்விக்கும் அவர்களே பதில் சொல்கிறார்கள். குழந்தை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கிறது. தலையில் தண்ணீர் விழுந்ததும் வீறிட்டு அழுகிறது. அந்த அழுகையைச் சம்மதம் என்றும் சொல்ல முடியாது, மறுப்பு என்றும் சொல்ல முடியாது.

இதில் ஒரு சிறு மாற்றம் 1969இல் நடந்தது, அதிகம் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். அதற்கு முன்பிருந்த சடங்கில் கேள்வி குழந்தையிடமே கேட்கப்பட்டது. ஞானப்பெற்றோர் அதன் வாயாக நின்று, குழந்தையே சொல்வதுபோலப் பதில் சொன்னார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு சடங்கை ரோம் எழுதியது. அதில் பெற்றோர் தங்கள் சொந்த விசுவாசத்தை மட்டும் அறிக்கையிடுகிறார்கள். பேச முடியாத பிள்ளை பேசியதாகப் பாவனை செய்வதைத் திருச்சபை கைவிட்டது. ஞானஸ்நானத்தைக் கைவிடவில்லை. அப்படியென்றால் அந்தக் குழந்தையின் சம்மதம் எங்கே போயிற்று?

இது நாத்திகர்கள் கண்டுபிடித்த கேள்வி அல்ல. கி.பி. 200 வாக்கில் கார்த்தேஜில் வாழ்ந்த தெர்த்துல்லியன், குழந்தைகளுக்கு அவசரப்பட வேண்டாம், கிறிஸ்துவை அறியும் வயது வரட்டும் என்று எழுதினார். நான்காம் நூற்றாண்டில் தள்ளிப்போடுவதே பல வீடுகளின் வழக்கம். ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 337இல் மரணப் படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றான். புனித அகுஸ்தினாருக்குச் சிறு வயதில் கடுமையான நோய் வந்தபோது ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடானது. உடம்பு தேறியதும் அவருடைய தாய் மோனிக்கா அதைத் தள்ளிவைத்துவிட்டார். ஞானஸ்நானம் முன்பு செய்த பாவங்களைக் கழுவும், பிறகு செய்யும் பாவத்தின் பாரமோ கூடுதல் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. அகுஸ்தினார் 387இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, தானே தீர்மானித்து மிலானில் ஞானஸ்நானம் பெற்றார்.

அந்த அகுஸ்தினார்தான் பிற்பாடு குழந்தை ஞானஸ்நானத்துக்கு மிக வலுவான வாதத்தைக் கட்டிக்கொடுத்தார் என்பது விந்தை. ஆதாமின் பாவம் எல்லாரிடமும் பிறப்பிலேயே இருக்கிறது, பச்சைக் குழந்தைக்கும் அது கழுவப்பட வேண்டும் என்றார். 418இல் கார்த்தேஜ் சங்கம் அதை உறுதிசெய்தது. பிள்ளைகள் பிறந்த சில நாளிலேயே இறந்துபோன காலம் அது. ஞானஸ்நானமில்லாமல் இறக்கும் குழந்தைக்கு மோட்சம் இல்லை என்று நம்பும் தாயிடம் போய்ச் சம்மதத்தைப் பற்றிப் பேசினால், தீப்பிடித்த வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்குவதற்கு முன் அதனிடம் அனுமதி கேட்கச் சொல்வது போல்தான் அவள் காதில் விழும். பழைய வழக்கத்தின் நியாயம் இந்த அச்சத்தில்தான் நின்றது. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம், ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றது. தீ அணைந்துவிட்டது என்று சொல்லவில்லை, அணைந்திருக்கும் என்று நம்பலாம் என்றது. அவசரத்தின் நியாயம் அந்த அளவுக்குக் குறைந்துபோனது.

விசுவாசத்துக்கு உள்ளிருந்தே எழுந்த பெரிய மறுப்பு ஜூரிக் நகரில் வெடித்தது. 1525 ஜனவரி 21 இரவு, ஒரு வீட்டில் கூடிய சிலர் ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். கொன்ராட் கிரேபெல் முதலில் ஜார்ஜ் பிளாவ்ராக்குக்குக் கொடுத்தார். எல்லாரும் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். அது தங்கள் விசுவாசம் அல்ல, கணக்கில் வராது என்றார்கள். மறுஞானஸ்நானக்காரர்கள் என்று ஊர் பெயர் வைத்தது. அந்தப் பெயரை அவர்கள் ஏற்கவில்லை, நாங்கள் பெறுவதுதான் முதல் ஞானஸ்நானம் என்றார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸின் கைகளைக் கட்டி, 1527 ஜனவரி 5 அன்று லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது நகர மன்றம். அது கத்தோலிக்க நகரமல்ல, சீர்திருத்தவாதி ஸ்விங்லியின் நகரம்.

ஞானஸ்நானத்தில் யாருக்கு எப்போது தண்ணீர் ஊற்றுவது என்பதற்காக ஓர் அரசு ஏன் ஆளைக் கொல்ல வேண்டும்? ஞானஸ்நானப் பட்டியலும் ஊர்க் குடிமக்கள் பட்டியலும் அன்று ஒன்றாக இருந்தன. பிறந்தவர் எல்லாம் கிறிஸ்தவர், கிறிஸ்தவர் எல்லாம் குடிமக்கள். ஒருவர் வளர்ந்த பிறகு சேர்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கலாம் என்றால், சேராமலும் இருக்கலாம் என்றாகிவிடும். மன்றத்தை அச்சுறுத்தியது அந்த இரண்டாவது வாய்ப்புதான்.

அரசு கையில் இந்தச் சடங்கு என்னவாகும் என்பதற்கு இன்னும் கொடுமையான சாட்சி போலோஞா நகரில் இருக்கிறது. 1858 ஜூன் 23 இரவு, போப்பாண்டவரின் காவலர்கள் மொமோலோ மோர்த்தாரா என்ற யூத வணிகரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவருடைய எட்டுப் பிள்ளைகளில் ஒருவனான எட்கார்டோ ஞானஸ்நானம் பெற்றவன், அவனைக் கொண்டுபோக உத்தரவு என்றார்கள். பையனுக்கு ஏழு வயது நிரம்பவில்லை. அவன் கைக்குழந்தையாக நோயில் கிடந்தபோது, செத்துப்போவான் என்று பயந்த வேலைக்காரச் சிறுமி அன்னா மொரிசி யாருக்கும் தெரியாமல் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்திருந்தாள். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம், அது செல்லும். கிறிஸ்தவக் குழந்தையை யூதர் வளர்க்கக் கூடாது என்பது போப்பாண்டவர் அரசின் சட்டம், அதுவும் செல்லும். இரண்டையும் கூட்டியதில் வந்த விடையோடு மறுநாள் மாலை பையனை வண்டியில் ஏற்றினார்கள்.

பிரான்ஸ் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தலையிட்டும் போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதர் அசையவில்லை. பெற்றோர் மதம் மாறினால் பிள்ளை திரும்பக் கிடைக்கும் என்றார்கள், அவர்கள் மாறவில்லை. எட்கார்டோ ரோமில் வளர்ந்தான், குருவானான், 1940இல் பெல்ஜியத்தில் ஒரு மடத்தில் இறந்தான். அவனை வளர்த்த போப்பாண்டவரைத் தகப்பனைப்போல நேசித்தான். தனக்கு நடந்தது கடவுளின் கருணை என்றே கடைசிவரை சொன்னான்.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது இந்தக் கடைசிப் பகுதிதான். வளர்ந்த பிறகு அவனே சம்மதித்துவிட்டானே, அப்புறம் என்ன என்று கேட்பார்கள். அந்தச் சம்மதத்தை உண்டாக்கியது யார்? அவனைக் கொண்டுபோனவர்கள். பிற்பாடு கிடைக்கும் சம்மதம் முன்பு நடந்ததை நியாயமாக்கும் என்றால், எவ்வளவு திறமையாக வளர்க்கிறோமோ அவ்வளவுக்கு எதையும் நியாயமாக்கிவிடலாம். ஆனால் இந்தக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். நாம் எல்லாருமே, நம் மதம், நம் தாய்மொழி, நமக்குப் பிடித்த சாப்பாடு உட்பட, யாரோ வளர்த்ததில் உருவான சம்மதத்தோடுதான் நிற்கிறோம். மதமே சொல்லாமல் வளர்க்கப்படும் பிள்ளையும் அப்படித்தான். வெறும் வெளியில் யாரும் வளர்வதில்லை.

இன்றைய திருச்சபைச் சட்டம் (1983) பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும் என்கிறது. பிள்ளை கத்தோலிக்க நெறியில் வளரும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இருக்க வேண்டும், இல்லையென்றால் ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல விதிகள். ஆனால் அதே 868ஆம் விதியின் இன்னொரு பத்தி, சாகும் தருவாயில் இருக்கும் குழந்தைக்குப் பெற்றோர் மறுத்தாலும் ஞானஸ்நானம் கொடுப்பது முறையானதே என்கிறது. அன்னா மொரிசி செய்தது இந்தச் சட்டப்படி இன்றும் தவறல்ல. காவலர்கள்தான் இப்போது இல்லை.

குழந்தை ஞானஸ்நானத்தை எதிர்ப்பவர்களிடம் நம் ஊர்க்காரர் ஒருவர் உடனே கேட்கக்கூடியது இது: குலதெய்வக் கோயிலில் மொட்டை போடுகிறோம், தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துகிறோம், பிள்ளையைக் கேட்டா செய்கிறோம்? நியாயமான கேள்வி. காது குத்தும்போதாவது வலிக்கிறது, இங்கே தலை நனைகிறது, அவ்வளவுதான். சிறுவர்களுக்குச் சுன்னத் செய்வது உடல் காயப்படுத்தல் என்று 2012இல் ஜெர்மனியின் கொலோன் நீதிமன்றம் சொல்ல, அதே ஆண்டு டிசம்பரில் அந்த நாட்டு நாடாளுமன்றம் அதை அனுமதித்துத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. உடம்பில் தடம் விடாத ஞானஸ்நானத்துக்கு அப்படி ஒரு சிக்கல் கிடையாது.

ஆத்துமாவில் தடம் விழுகிறது, அழியாத முத்திரை அது என்கிறது திருச்சபை. இங்கே ஒரு வேடிக்கையான முடிச்சு இருக்கிறது. அந்த முத்திரையை நம்பாதவனுக்குப் புகார் சொல்லக் காரணமில்லை; அவன் கணக்கில் சிறு வயதில் தலையில் கொஞ்சம் தண்ணீர் விழுந்திருக்கிறது. நம்புகிறவனுக்கோ அது அருள்கொடை, அவனும் புகார் சொல்ல மாட்டான். அப்படியானால் புகார் யாருடையது? தண்ணீர் காய்ந்த பிறகும் காயாமல் இருக்கிற ஒன்றில் மாட்டிக்கொண்டவர்களுடையது. அந்த ஒன்று, பங்குக் கோயிலின் பீரோவில் இருக்கும் பதிவேடு.

ஞானஸ்நானம் பெற்றவர் திருச்சபையின் உறுப்பினர். உறுப்பினருக்கு உரிமைகளும் உண்டு, கடமைகளும் உண்டு. அயர்லாந்தின் முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்அலீஸ், திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், இரண்டு வாரக் குழந்தையின் தலையில் வாழ்நாள் கடமைகளைக் கட்டுவதைப் படைக்குக் கட்டாய ஆள்சேர்ப்போடு 2018இல் ஒப்பிட்டார். கோபக்காரச் சொல்தான், ஆனால் அவர் நாட்டில் அதற்குக் காரணம் இருந்தது. அங்கே தொடக்கப் பள்ளிகள் பத்தில் ஒன்பது கத்தோலிக்க நிர்வாகத்தில் இருந்தன. இடம் போதாதபோது ஞானஸ்நானச் சான்று உள்ள பிள்ளைக்கு முன்னுரிமை. எனவே கோயில் பக்கமே போகாத பெற்றோரும் பள்ளி இடத்துக்காகப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 2018இல் வந்த சட்டம் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில் அதை நீக்கியது.

வெளியேறுவதும் எளிதல்ல. முறைப்படி விலகுவதற்கென்று திருச்சபைச் சட்டத்தில் இருந்த சொற்களையும் 2009இல் எடுத்துவிட்டார்கள். விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பதிவேட்டின் ஓரத்தில் ஒரு குறிப்பு ஏறலாம். மூல வரி அப்படியே நிற்கும். 2023 டிசம்பரில் பெல்ஜியத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், கேட்டுக்கொண்ட ஒருவரின் பதிவை அழிக்கும்படி கெண்ட் மறைமாவட்டத்துக்கு உத்தரவிட்டது. ஞானஸ்நானம் நடந்தது ஒரு வரலாற்று உண்மை, நடந்ததை நடக்கவில்லை என்று எப்படி எழுதுவது என்பது திருச்சபையின் பதில். அந்தப் பதிலையும் எளிதில் தள்ள முடியாது.

நம் ஊரில் பதிவேடு வேறு விதமாகக் கடிக்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி இந்துக்களுக்கு மட்டும். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தலித் கிறிஸ்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். அதனால் சர்டிபிகேட்டில் ஒரு பெயரும் கோயிலில் ஒரு பெயருமாக வாழும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், புதுச்சேரிப் பெண் ஒருவர் அரசு வேலைக்காக இந்துப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். மறுக்கப்பட்டது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானமும் எதிராக வைக்கப்பட்ட ஆதாரங்களில் ஒன்று. அது மட்டுமல்ல, வளர்ந்த பிறகு அவர் தொடர்ந்து கோயிலுக்குப் போனதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. சட்டம் ஓரளவு கவனமாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும். ஆனாலும் பெற்றோர் பிள்ளையின் ஆத்துமாவுக்காகச் செய்தது, இருபது வருஷம் கழித்து அவள் வேலைக்கான கோப்பில் ஆதாரமாக வந்து உட்காரும் என்று தொட்டிக்கு அருகே நின்ற யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இந்தப் பழியை நான் சாமியார் மேல் போட மாட்டேன். சாதியின் சுமை மதம் மாறினால் இறங்கிவிடும் என்று எழுதிவைத்த ஆணையின் பழி அது.

பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தைகளுக்குப் பிரதிஷ்டை மட்டும் செய்கிறார்கள். பாஸ்டர் கையில் ஏந்தி ஜெபிக்கிறார், தண்ணீர் கிடையாது. முழுக்கு ஞானஸ்நானம் அறிவு வந்த பிறகு, ஆற்றிலோ தொட்டியிலோ. கேட்பதற்குச் சிக்கல் தீர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் பதினாலு வயதுப் பெண், கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் வெள்ளை உடுப்பில் வரிசையாக நிற்க, அம்மா முதல் வரிசையில் அழுதுகொண்டிருக்க, எனக்கு இன்னும் நிச்சயமில்லை என்று சொல்லிவிட முடியுமா? சிலர் சொல்கிறார்கள். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, குழந்தையின் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், அதன் வளரும் திறனுக்கேற்ப வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் 14ஆம் பிரிவில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. எந்த வயதில் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று அது சொல்லவில்லை.

கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன் ஒருவன் இப்படிச் சபைக்குப் போய் முழுக்கு எடுத்துவிட்டு ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தால், ரெண்டாவது ஞானஸ்நானம் எல்லாம் செல்லாதுடா, உனக்கு எப்பவோ கொடுத்தாச்சு என்பாள் பாட்டி. இல்ல பாட்டி, இதுதான் முதல் என்பான் அவன். பாட்டி பங்குக் கோயில் பீரோவை நினைத்துக்கொண்டு, சரி, தலையைத் துவட்டு என்று துண்டை எடுத்துக் கொடுப்பாள்.