முனை வளைந்த பிறகு

எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்தில் சிறுநீரை வடிக்கும் வெண்கலக் கதீட்டர்கள் கிடைத்திருக்கின்றன. நீரடைப்புக்கு அன்றைக்கு இருந்த வழி அதுதான், உலோகக் குழாய். 1752-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் கல்லடைப்பால் தவித்த தன் அண்ணன் ஜானுக்காக வளைந்துகொடுக்கும் வெள்ளிக் குழாய் ஒன்றைச் செய்வித்தார். அண்ணன் படும் வேதனை பொறுக்காமல் பிறந்த கருவி அது.

ஆனால் வயதான ஆண்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. புராஸ்டேட் வீங்கினால் சிறுநீர்ப் பாதையின் தரை வாசற்படி போல மேலெழும்பி நிற்கும். நேரான முனை அதில் போய் முட்டும். 1836-இல் பாரிஸ் மருத்துவர் லூயி மெர்சியே குழாயின் கடைசித் துண்டை மட்டும் முழங்கைபோல் வளைத்தார். முனை மேல்சுவரை ஒட்டியே வழுக்கிக்கொண்டு வீக்கத்தைத் தாண்டிவிட்டது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இந்தச் சின்ன வளைவுதான். பிறகு பிரெஞ்சு மருத்துவர் நெலட்டோனின் ரப்பர் குழாய் வந்தது. 1930-களில், குழாயைச் சிறுநீர்ப்பையில் நிலைநிறுத்தும் பலூனோடு அமெரிக்க மருத்துவர் ஃபோலியின் குழாய் வந்தது.

இன்று வார்டில் சாதாரணமாகப் போடும் ஃபோலி குழாயின் முனை நேரானது, உருண்டு மூடியிருக்கும், பக்கவாட்டில் கண்கள் உண்டு. நுனியிலேயே துளையுள்ள கவுன்சில் முனையை வழிகாட்டிக் கம்பியின் மேல் கோத்து இறக்கலாம். சாய்வாக வெட்டிய விசில் முனையில் ரத்தக்கட்டி எளிதாக வெளியேறும். மெர்சியேயின் வளைமுனையும் அப்படியே இருக்கிறது. அதைப் போடும்போது நுனி தொப்புள் பக்கம் பார்த்தபடியே உள்ளே போக வேண்டும். உள்ளே போனபின் நுனி கண்ணுக்குத் தெரியாது. குழாயின் வெளிமுனையில் உள்ள அடையாளம் மேல்நோக்கி இருக்கிறதா என்று கையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அது திரும்பினால் நுனியும் திரும்பிவிடும்.

இவ்வளவு வந்த பிறகும், நேர்முனை இறங்காதபோது அதையே அழுத்தித் தள்ளுவது எனக்குப் பொறுக்கவில்லை. பாதை கிழியும், ரத்தம் வரும், ஆறிய தழும்பு பின்னாளில் அதே பாதையைச் சுருக்கும். சிறுநீர் வருமுன் பலூனை ஊதினால் இன்னும் மோசம். தடைபட்டால் கையை நிறுத்திவிட்டு முனையை மாற்ற வேண்டும், அல்லது சிறுநீரகவியல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

வீட்டில் பெரியவருக்கு வளைமுனை போட்டுத்தான் இறங்கியது என்றால், டிஸ்சார்ஜ் சீட்டில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். கூடவே குழாயின் நம்பரையும்: 16 என்றால் குறுக்களவு 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.