எலும்பு மாத்திரையும் தாடை எலும்பும்

வயசான பெண்கள் பலருக்கு மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்ந்து பலமிழந்து போகிறது. சின்ன வழுக்கலிலும் இடுப்பு முறிகிறது. இதைத் தடுக்கக் கொடுப்பதுதான் வாரத்துக்கு ஒரு தடவை விழுங்கும் 'அலென்ட்ரோனேட்' 70 மில்லிகிராம் மாத்திரை. நல்ல மருந்து. ஆனால் பல் புடுங்கப் போகிறவர்கள் இதைப்பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

எலும்பு கல்லைப்போல சும்மா கிடப்பதில்லை. பழையதை அரித்து எடுக்கும் கலங்களும் புதிதாகக் கட்டும் கலங்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால்தானே புதுத்துளிர் வரும்? அதுபோலத்தான். இந்த மருந்து அரிக்கும் கலங்களை அடக்குகிறது. அதனால் எலும்பு தேயாது. ஆனால் காயம்பட்ட எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் மெதுவாகிவிடும்.

தாடை எலும்பை மூடியிருப்பது மெல்லிய ஈறு மட்டுந்தான். வாயிலோ கிருமிக்குப் பஞ்சமில்லை. பல்லைப் புடுங்கினால் சிலருக்கு அந்தக் குழி மூடாமல் எலும்பு வெளியே தெரியும், வீங்கும், சீழ் வரும். எட்டு வாரத்துக்கு மேலும் எலும்பு இப்படித் தெரிந்தால் அதைத் தாடை எலும்புச் சிதைவு என்கிறார்கள். 2003ஆம் ஆண்டில்தான் வைத்தியர்கள் இதை முதலில் எழுதி வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பொசுபரசு ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கும் தாடை இதேபோல அழுகியது. அவர்களுக்கு அது தொழில் தந்த நோய்.

பயந்துவிட வேண்டாம். எலும்புத் தேய்வுக்கு மாத்திரை எடுப்போரில் பத்தாயிரம் பேரில் ஒரு சிலருக்கே இது வரும். புற்றுநோய் எலும்புக்குப் பரவி, மாதாமாதம் 'சொலெட்ரோனிக் அசிட்' ஊசி ஏற்றுகிறவர்களுக்குத்தான் ஆபத்து கூட. சீனி வியாதி, ஸ்டீரொயிட் மருந்து, புகைத்தல், சொத்தைப் பல், உரசும் பொய்ப்பல் செட் இவையும் ஆபத்தைக் கூட்டும்.

ஆகவே மருந்து தொடங்குமுன்பே பல் டொக்டரிடம் வாயைக் காட்டி, புடுங்க வேண்டியதைப் புடுங்கிவிடுவது நல்லது. ஏற்கனவே குடிக்கிறவர்கள் "பல்லுதானே, புடுங்கிட்டு வந்திருவோம்" என்று சொல்லாமல் போய் உட்காரக் கூடாது. கிளினிக் கொப்பியைக் காட்டி, எத்தனை வருஷமாக மருந்து எடுக்கிறோம் என்று சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம். இடுப்பு முறிந்து படுக்கையில் விழும் ஆபத்து இதைவிடப் பெரிது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் 'டெனோசுமாப்' ஊசியும் தாடையைப் பாதிக்கலாம். ஆனால் அதைத் தவறவிட்டால் முதுகெலும்பு நொறுங்கக்கூடும்.

வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் வாயில் ஆறாத புண்ணை இந்த மாத்திரையின் தலையில் போட்டுவிட்டு இருக்கக்கூடாது. அது வாய்ப் புற்றாகவும் இருக்கலாம். மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் உடனே காட்டுங்கள்.

இன்னொன்று. மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிறவர்கள் நம்மில் உண்டு. அப்படிக் குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. காலையில் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். தேத்தண்ணி அதற்குப் பிறகுதான்.